அமுச்சியின் துடுப்பு

ஆண்டு மலருக்குக் கட்டுரை தரலாம் என்று நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டியதும் எங்கள் வகுப்பில் ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் 'ஏற்றுமதியில் திருப்பூர்' என்றான். இன்னொருவன் 'இளைஞனே எழுந்து வா' என்றான். மூன்றாமவன் வழக்கம்போல் நிலாவைப் பற்றிக் கவிதை. "நீ எதைப் பத்திடா எழுதப்போறே?" என்று என்னைக் கேட்டார்கள். "களி கிண்டுற துடுப்பைப் பத்தி" என்றேன். கேன்டீனே சிரித்தது.

சிரித்தவர்கள் சிரிக்கட்டும். 'சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்' என்று பழமொழி சொல்ல எல்லோருக்கும் தெரியும். அந்த அகப்பையை எப்படிக் கழுவ வேண்டும், எங்கே காய வைக்க வேண்டும் என்று கேட்டால் எத்தனை பேர் பதில் சொல்வோம்? எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. தெரியாததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தெரியும் என்று நினைத்துக்கொண்டு ஒரு காரியம் செய்தேன். அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

எங்கள் குடும்பம் பனியன் கம்பெனியை நம்பிய குடும்பம். அப்பா பவர் டேபிள் ஓட்டுகிறார். அம்மா செக்கிங். ஒன்றரை ஷிப்ட் என்றால் இருவரும் வீடு வந்து சேர ராத்திரி ஒன்பது மணியாகிவிடும். ஆகவே எங்கள் லைன் வீட்டில் சமையல் எல்லாம் அமுச்சியின் கையில்தான்.

அமுச்சிக்கு ஊத்துக்குளிப் பக்கம் ஒரு சிற்றூர். ஊத்துக்குளி என்றாலே வெண்ணெய்தானே நினைவுக்கு வரும்! அந்தப் பேருக்கு என் அமுச்சியும் கொஞ்சம் உழைத்திருக்கிறார். நாலு எருமை வைத்து, விடியற்காலையில் தூணோடு மத்தைக் கட்டி, கயிறு போட்டு இழுத்து, வெண்ணெய் எடுத்தவர். அப்புச்சி காலமான பிறகு எருமைகளை விற்றுவிட்டு எங்களோடு வந்துவிட்டார். வரும்போது கொண்டுவந்தது ஒரே ஒரு பை. அதில் நாலு சேலை, வெற்றிலைப் பை, பிறகு மூன்று மரச்சாமான்கள். ஒன்று மோர் கடையும் மத்து. இரண்டாவது களி கிண்டும் துடுப்பு. மூன்றாவது கொட்டாங்குச்சியில் மூங்கில் காம்பு செருகிய அகப்பை.

மத்தும் துடுப்பும் ஒரே வேப்பமரத்தின் பிள்ளைகள். தொண்டுபட்டியில் நின்ற வேம்பு ஒரு ஆடிக் காற்றில் சாய்ந்துவிட்டதாம். பெரிய கட்டைகளை விற்றது போக, மிச்சத்தில் ஊர் ஆசாரி இவற்றைச் செதுக்கிக் கொடுத்தாராம். அப்போது என் அம்மா பிறக்கவே இல்லை. உப்புத்தாள் கூடப் போடாமல், உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டிச் சுரண்டியே வழவழப்பாக்கினாராம் அவர். நான் பார்த்த காலத்தில் இரண்டுமே கன்னங்கரேல் என்று, எண்ணெய்க் கறுப்பாக இருந்தன.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அமுச்சிக்குக் கண் நீர் அழுத்த நோய். நாங்கள் கவனிக்கும்போது பார்வை பெரும்பாலும் போய்விட்டது. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். இருந்தும் சமையலை விடமாட்டார். அடுப்படியில் எல்லாமே கைக்கணக்கு. உப்பு ஜாடி இரண்டு சாண் தள்ளி, மிளகாய்ப்பொடி அதற்கு இடப்பக்கம், ஆணியில் முதலில் அகப்பை, அடுத்தது துடுப்பு. துடுப்பின் காம்பில் ஒரு பழைய தீக்காய வடு இருந்தது. அதற்கு மேலே, பல வருஷம் கட்டைவிரல் பதிந்து பதிந்து ஒரு பள்ளம். கை அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்ததும் துடுப்பு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். கொதிக்கிற களியில் கையைச் சுட்டுக்கொள்ளாமல் கிண்டிவிடுவார்.

இதெல்லாம் எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: துடுப்பு கறுப்பாக இருக்கிறது, கறுப்பு என்றால் அழுக்கு!

இரண்டாம் ஆண்டுப் பரீட்சை முடிந்த லீவு. அக்கினி நட்சத்திர வெயில். அந்த வருஷம்தான் லேபில் ஸ்கவரிங், பிளீச்சிங் எல்லாம் செய்து முடித்திருந்தோம். பழுப்பு நிறப் பனியன் துணியைக் காஸ்டிக் சோடாவில் கொதிக்க வைத்து, ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுத்து எடுத்தால் மல்லிகைப்பூ மாதிரி வரும் அல்லவா? அந்தக் கர்வம் தலைக்கு ஏறியிருந்தது. அமுச்சி ஒரு ஒறம்பரை வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். திரும்பி வருவதற்குள் அந்த மரச்சாமான்களைப் புதுசு போல் ஆக்கிக் காட்டுவோம் என்று முடிவு கட்டினேன்.

காஸ்டிக்கும் பெராக்சைடும் வாங்கி வந்தேன். கையுறை போட்டுக்கொண்டேன். அலுமினியப் போசியில் காஸ்டிக் ஊற்றினால் பாத்திரம் அரித்துவிடும் என்று படித்திருந்ததால், ஜாக்கிரதையாக எவர்சில்வர் குண்டாவை எடுத்தேன். என் அறிவைப் பாருங்கள்! அலுமினியத்தில் போடக்கூடாது என்று தெரிந்தவனுக்கு மரத்தில் போடக்கூடாது என்று தெரியவில்லை.

இரண்டு மணி நேரம் கொதித்தது. தண்ணீர் முதலில் டீ நிறமானது, பிறகு டிகாக்ஷன் நிறமானது. 'ஆஹா, எவ்வளவு அழுக்கு!' என்று மகிழ்ந்தேன். அந்தத் தண்ணீரை அப்படியே சாக்கடையில் ஊற்றினேன். சாயக்கழிவால் நொய்யல் பட்ட பாட்டையும், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளையும் பிளீச்சிங் பட்டறைகளையும் மூட உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதையும் செமினாரில் பேசிக் கைத்தட்டல் வாங்கியவன் நான்தான். அடுத்தது பெராக்சைடு. வெளுத்தது. மொட்டை மாடியில் வெயிலில் கிடத்திவிட்டுச் சாப்பிடப் போனேன்.

மத்தியானம் மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தால்... மத்தின் தலையில் பூப்போல வெட்டியிருந்த இதழ்களில் இரண்டு பிளந்து தனியே கிடந்தன. துடுப்பின் காம்பு நுனியிலிருந்து இரண்டு விரற்கடை நீளத்துக்கு ஒரு வெடிப்பு. மரம் முழுக்க நார் நாராக எழும்பி, மட்டமான பனியன் துணி இரண்டு சலவைக்குப் பிறகு பில்லிங் எடுக்குமே, அதுபோல நின்றது. தீக்காய வடு இருந்த இடம் தெரியவில்லை. பெருவிரல் பள்ளமும் நார் எழும்பித் தூர்ந்துபோயிருந்தது.

மத்தை ஸ்லாப்புக்கு மேல் ஒளித்து வைத்தேன். துடுப்பை மட்டும் ஆணியில் மாட்டிவிட்டு, 'கண்தான் தெரியாதே, ஒன்றும் கண்டுபிடிக்க மாட்டார்' என்று நினைத்தேன். நண்பர்களே, இப்படி நான் நினைத்ததை எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் அமுச்சி வந்தார். வந்ததும் களிக்கு உலை வைத்தார். ஆணிக்குக் கை நீட்டினார். எடுத்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"கண்ணு, இது யாருதுங் கண்ணு? நம்மளுது இல்லையே..."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பழசு எங்கியோ போயிருச்சுங்க அமுச்சி. அம்மா புதுசு வாங்கியாந்து வெச்சுது" என்றேன்.

அமுச்சி ஒன்றும் சொல்லவில்லை. எவர்சில்வர் கரண்டியில் களி கிண்டினார். காம்பு சுட்டது போலிருக்கிறது, முந்தானையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். களி கட்டி கட்டியாக வந்தது. எல்லோரும் சாப்பிட்டோம். பிறகு ராத்திரி பத்து மணிக்கு மேல் ஏதோ சத்தம் கேட்டு விழித்தேன். அடுப்படியில் விளக்குக் கூடப் போடாமல் (அவருக்கு எதற்கு விளக்கு!) உட்கார்ந்துகொண்டு, அரிசி மூட்டைக்குப் பின்னால், சிலிண்டருக்கு அடியில், ஒவ்வொரு மூலையிலும் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். தன் துடுப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மத்தை எடுத்து வந்து கையில் கொடுத்தேன். உடைந்த இதழ்களைத் தடவிப் பார்த்தார். துடுப்பை மறுபடி வாங்கித் தடவினார். ரொம்ப நேரம் கழித்து, "வெளுத்துப்போட்டயா சாமி? அது அழுக்கில்லீங் கண்ணு. அம்பது வருசம் நாம தின்ன எண்ணெய்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று ராத்திரி படுத்துக்கொண்டே நான் செய்த தப்பைப் பாடப்புத்தகத்தோடு ஒட்டிப் பார்த்தேன். பருத்தியும் மரமும் ஒரே சாதி, இரண்டும் செல்லுலோஸ்தான். ஆனால் பருத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செல்லுலோஸ். மரத்தில் அது ஏறக்குறைய பாதிதான். மீதியில் பெரும்பகுதி ஹெமிசெல்லுலோசும், நார்களை ஒட்டிப் பிடிக்கும் லிக்னினும். காஸ்டிக்கில் கொதிக்க வைத்தால் அந்த ஒட்டு கரைய ஆரம்பிக்கும். காகித ஆலைகளில் மரத்தைக் கூழாக்குவதற்கும் காஸ்டிக் சோடாவைத்தானே சேர்க்கிறார்கள்! பள்ளிபாளையத்திலும் புகளூரிலும் பெரிய பெரிய கொதிகலன்களில் செய்கிற வேலையை நான் எங்கள் வீட்டு அடுப்பில் செய்திருக்கிறேன். டிகாக்ஷன் நிறத்தில் இறங்கியது அழுக்கு அல்ல, மரமே இறங்கியிருக்கிறது.

வெடித்ததற்குக் காரணம் வெயில். பருத்தியின் மாய்ஸ்சர் ரீகெய்ன் 8.5 சதவீதம் என்று டெஸ்டிங் லேபில் மனப்பாடம் செய்தோமே, மரத்துக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு. காற்றில் ஈரம் 65 சதவீதம் இருக்கும்போது மரம் தன்னுள் சுமார் 12 சதவீதம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஊற வைத்தால் மரநாரின் சுவர்கள் 25 முதல் 30 சதவீதம் வரை குடித்து உப்பும். காய்ந்தால் சுருங்கும். சுருங்குவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. நீளவாக்கில் மரம் சுருங்குவது மிக மிகக் குறைவு, குறுக்குவாக்கில்தான் அதிகம். உள்ளே ஈரமாக இருக்கும்போதே மேல்பக்கம் மட்டும் வெயிலில் காய்ந்து இழுத்தால் என்ன ஆகும்? டப் என்று வெடிக்கும். காம்பு நுனியில் மரக்குழாய்கள் வாய் திறந்து இருப்பதால் ஈரம் அங்கேதான் வேகமாக வெளியேறும், வெடிப்பும் அங்கேதான் தொடங்கும். எல்லாம் மார்க் வாங்கப் படித்த பாடங்கள்தான்!

மறுநாள் காலையில் அமுச்சி தானாகவே கூப்பிட்டார். "ஆனது ஆகிப்போச்சு. மத்து செத்துப்போச்சு, துடுப்புக்கு இன்னும் உசுரிருக்குது. நாஞ் சொல்றபடி செய்யறயா?" என்றார். செய்கிறேன் என்றேன்.

முதல் வேலை காரத்தை எடுப்பது. துடுப்பைத் தண்ணீரில் போட்டு, காலையும் மாலையும் தண்ணீர் மாற்றினேன். எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரில் ஒருமுறை முக்கினேன். துணிக்கு ஸ்கவரிங் முடிந்ததும் அசிட்டிக் ஆசிட் போட்டு நியூட்ரல் செய்கிறோமே, அதே முறைதான். pH பேப்பர் 7 காட்டும் வரை விடவில்லை. ஐந்து நாள் ஆனது.

இரண்டாவது வேலை காய வைப்பது. "வெயில்ல வெக்காதே, காத்துல வையி. அவசரப்படாதே" என்றார். அம்மா கொண்டுவந்த கட்டிங் வேஸ்ட் துணியில் துடுப்பைச் சுற்றி, காற்றோட்டமான நிழலில் தொங்கவிட்டேன். துணி இருந்ததால் ஈரம் மெள்ள மெள்ள வெளியேறியது. மூன்று வாரம் ஆனது. வெடிப்பு அதற்கு மேல் ஓடவில்லை.

மூன்றாவது வேலைக்கு அனுப்பர்பாளையம் போனேன். நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, திருப்பூரில் துணிக்கு அடுத்தபடி பேர் சொல்லும் தொழில் அங்கேதான் இருக்கிறது. பித்தளை, செம்பு, எவர்சில்வர் என்று தெருவெல்லாம் பாத்திரத் தட்டல் கேட்கும். அங்கே ஒரு வயதான பாத்திரத் தொழிலாளி துடுப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு ஒரு பூண் போட்டாப் போதுங்க தம்பி" என்றார். உலக்கைக்குப் போடுவார்களே, அதே பூண். பித்தளைத் தகட்டில் சின்ன வளையம் செய்து, லேசாகச் சூடு காட்டி, விரிந்த சூட்டோடு காம்பில் தட்டி ஏற்றினார். ஆறியதும் வளையம் சுருங்கி, வெடித்த வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா ஏற்றுகிற அதே தத்துவம்தான்!

வேலை செய்துகொண்டே அவர் சொன்ன ஒரு விஷயம் என் மனசில் நிற்கிறது. "அப்பெல்லாம் பித்தளைப் போசிக்கு உள்ள ஈயம் பூசித்தாங்க சமைப்பாங்க. ஈயம் மெத்துனு இருக்கும். இரும்புக் கரண்டி போட்டுச் சொரண்டுனா போயிரும். அதனால போசி எங்குளுது, அகப்பை ஆசாரியுது. ரெண்டும் ஒட்டுக்காத்தான் சமையக்கட்டுக்குப் போகும்" என்றார். உண்மைதானே! வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும் மெதுவான உலோகம். அதைக் காப்பாற்றியது மர அகப்பை. இன்று நான்-ஸ்டிக் தவா வாங்கினால் அதோடு மரக்கரண்டி கொடுக்கிறார்களே, அதுவும் இதே காரணத்துக்குத்தான். மண்சட்டிக்கும் கல்சட்டிக்கும் கூட மரம்தான் நல்லது.

நான்காவது வேலை வழவழப்பு. எழும்பி நின்ற நார்களை உப்புத்தாளால் தேய்த்தேன். முதலில் 120, பிறகு 220. தேய்த்துவிட்டு, "ஆச்சுங்க அமுச்சி" என்று கொண்டுபோனேன். அமுச்சி தண்ணீர் தொட்டுத் துடுப்பை நனைத்து, "காயட்டும், பொறவு பாரு" என்றார். காய்ந்ததும் பார்த்தால் அடங்கியிருந்த நார்கள் மறுபடி எழும்பி நின்றன! மறுபடி தேய்த்தேன், மறுபடி நனைத்தார். நாலாவது தடவைக்குப் பிறகுதான் நார் எழும்பவில்லை. நாம் பயோ வாஷ் போட்டுத் துணியின் மேல் நிற்கும் பிசிறை எடுப்பதில்லையா? இது அமுச்சியின் பயோ வாஷ்.

கடைசி வேலை எண்ணெய். இதில்தான் நான் இரண்டாவது தப்புச் செய்ய இருந்தேன். லின்சீட் ஆயில் எனப்படும் ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டுக் கெட்டியாகிப் படலம் போடும் என்று படித்திருந்ததால், ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். நல்ல வேளையாக டப்பாவைப் படித்தேன். கதவு ஜன்னலுக்கு அடிக்கிற அந்த 'பாயில்டு' எண்ணெயில் சீக்கிரம் காய்வதற்காக உலோக உப்புகளைச் சேர்ப்பது உண்டு. சாப்பாட்டுச் சாமானுக்கு அது ஆகாது. அமுச்சி கேட்டது வெறும் தேங்காய் எண்ணெய். காங்கேயத்துச் செக்கில் ஆட்டியது வீட்டிலேயே இருந்தது. கெமிஸ்ட்ரி வகுப்பில் அயோடின் மதிப்பு படித்தவர்களுக்கு இதன் காரணம் புரியும். ஆளிவிதைக்கு அது 170க்கு மேல், தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 10க்குள். அதாவது தேங்காய் எண்ணெய் படலம் போடாது, ஆனால் சீக்கிரம் சிக்கு வாடையும் அடிக்காது. மரத்தின் துளைகளில் உட்கார்ந்து தண்ணீரைத் தள்ளி நிற்கும். கழுவக் கழுவக் கொஞ்சம் போகும், மறுபடி பூச வேண்டும். பனியன் நூலுக்கு மெழுகு தடவிக் கோன் சுற்றுவதும், தறியில் பாவுக்குக் கஞ்சி போடுவதும் நாரை அடக்கி வைக்கத்தானே? அமுச்சியின் துடுப்பில் ஐம்பது வருஷ எண்ணெயும் களிக்கஞ்சியும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தன.

இப்போது எங்கள் வீட்டில் மரச்சாமான் பொறுப்பு முழுக்க என்னுடையது. அமுச்சியிடம் கற்றதை, உங்கள் வீட்டுக்கும் உதவும் என்பதால் சொல்கிறேன்.

கழுவும் விஷயத்தில் அமுச்சிக்கு ஒரு சட்டம் உண்டு: "பித்தளைக்குப் புளி, இரும்புக்குச் சாம்பல், மரத்துக்கு வெறுந்தண்ணி." சாம்பலும் காரம், சோப்புக்கட்டியும் காரம். மரம் அந்த வாசனையையும் குடித்து வைத்துக்கொள்ளும். சமைத்து முடித்த சூட்டோடு, காய்ந்து ஒட்டுவதற்கு முன், வெந்நீர் ஊற்றித் தேங்காய் நாரால் நார் போகிற வாக்கிலேயே தேய்த்தால் போதும். எண்ணெய்ப் பிசுக்கு அதிகம் இருந்தால் கொஞ்சம் சோப்பு போட்டு உடனே அலசலாம். மீன், கறி நாற்றம் இருந்தால் கல்லுப்பும் எலுமிச்சைத் தோலும்.

ஊற வைக்கக் கூடாது. குழம்புச் சட்டியிலேயே விட்டுவிட்டு சீரியல் பார்க்கப் போகக் கூடாது. கழுவியதும் துணியால் துடைத்து, காற்றுப் படும்படி ஆணியில் தொங்கவிட வேண்டும். டம்ளருக்குள் குத்தி நிறுத்தினால் அடியில் தண்ணீர் தேங்கும், அங்கேதான் பூஞ்சை பிடிக்கும்.

மஞ்சள் கறை பட்டால் பயப்பட வேண்டாம். சோப்புப் பட்டுச் சிவந்தாலும் பயம் வேண்டாம், துணியில் பார்த்திருக்கிறோமே, மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் சிவக்கும். அதே குர்குமின் சூரிய ஒளியில் வெளிறிவிடும். காலை இளவெயிலில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால் மங்கிவிடும். உச்சி வெயில் மட்டும் கூடாது, அதற்கு நானே சாட்சி!

எண்ணெய்க்குத் தேதிக் கணக்கு இல்லை. மரம் வெளிறிச் சொரசொரப்பாகத் தெரிந்தால் அது எண்ணெய் கேட்கிறது. நன்றாகக் காய்ந்த மரத்தில் ராத்திரி பூசி, காலையில் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். ஈர மரத்தில் பூசினால் உள்ளே ஈரம் அடைபட்டுக்கொள்ளும். பாயசத்துக்கும் பாலுக்கும் ஒரு அகப்பை, குழம்புக்கு வேறு அகப்பை. மத்து தனி.

'மரத்தில் கிருமி இருக்காதா?' என்று என் நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவர் என்பவரும் அவருடைய குழுவினரும் காய் நறுக்கும் பலகைகளை வைத்துச் சோதித்து 1994இல் முடிவு வெளியிட்டார்கள். மரப்பலகையில் விட்ட பாக்டீரியாவைச் சிறிது நேரத்துக்குப் பிறகு மேற்பரப்பிலிருந்து மீட்பதே கடினமாக இருந்தது. கத்திக் கீறல் விழுந்த பிளாஸ்டிக் பலகையைத்தான் கையால் கழுவிச் சுத்தமாக்குவது சிரமமாக இருந்தது. அதற்காக அழுக்கோடு வைக்கலாம் என்று அர்த்தமில்லை. கழுவிக் காய வைப்பதில்தான் இருக்கிறது எல்லாம். வெடிப்பு ஆழமாகி உணவு தங்கினாலும், மரம் மெத்தென்று ஆனாலும், எத்தனை கழுவியும் புளித்த வாடை போகாவிட்டாலும், அந்தச் சாமானுக்கு விடை கொடுத்துவிட வேண்டியதுதான்.

மத்துக்கு அப்படித்தான் விடை கொடுத்தோம். ஒரு நோம்பிக் கடையில் அமுச்சியைக் கூட்டிப்போய்ப் புது மத்து வாங்கினேன். பத்துப் பதினைந்து மத்தைத் தடவிப் பார்த்து ஒன்றை எடுத்தார். நார் காம்பு முழுக்க நேராக ஓட வேண்டும், முடிச்சு இருக்கக்கூடாது, மேலே பாலிஷ் அடித்திருக்கக்கூடாது. இந்த மூன்றும் பார்த்தார், கண்ணால் அல்ல, விரலால். வேப்ப மரமாதலால் முதலில் கசக்கும் என்று, அரிசி களைந்த தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி, காய வைத்து, எண்ணெய் பூசிய பிறகுதான் மோரில் இறக்கினார்.

துடுப்பு கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வெளுத்த துடுப்பு பத்து மாதத்தில் தேன் நிறத்துக்கு வந்திருக்கிறது. பழைய கறுப்பு வர இன்னும் பல வருஷம் ஆகும். தீக்காய வடு போனது போனதுதான். ஆனால் அதே இடத்துக்குக் கொஞ்சம் கீழே இப்போது பித்தளைப் பூண் இருக்கிறது. கை பட்டதும் சில்லென்று இருக்கும், அமுச்சி அதை வைத்துப் பிடியைக் கண்டுகொள்கிறார். பெருவிரல் பள்ளத்தை நான் உப்புத்தாளால் மறுபடி செதுக்கித் தருகிறேன் என்றேன். "வேண்டாங் கண்ணு, அது கையே செஞ்சுக்கும்" என்றுவிட்டார்.

மாதம் ஒருமுறை எண்ணெய் பூசி எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பேன். நம் லேபில் துணியைக் கையால் தடவிப் பார்த்து 'ஃபீல்' சொல்வார்களே, அதுபோல நுனி முதல் அடி வரை தடவிப் பார்ப்பார். "இன்னும் நாரு நிக்குது" என்பார். திருப்பிக் கொடுப்பார். ஒவ்வொரு மாதமும் இதே தீர்ப்புத்தான். போன தைப்பொங்கலுக்கு முதல் நாள் கொண்டுபோனேன். தடவினார். திருப்பித் தடவினார். ஒன்றும் சொல்லாமல் ஆணியைத் தேடி மாட்டினார். அப்புறம் அடுப்பைப் பற்ற வைத்து, "ராகி மாவு எடு" என்றார்.

அன்று களியில் ஒரு கட்டி கூட இல்லை.

நண்பர்களே! நாம் படிக்கிற படிப்பு நல்ல படிப்பு. காஸ்டிக்கும் பெராக்சைடும் துணிக்கு வேண்டியவைதான். ஆனால் ஒரு பொருளைக் கையில் எடுக்கும் முன், அதை இதுவரை யார் கையாண்டார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுப்போம். உங்கள் வீட்டு அடுப்படியிலும் ஒரு கறுத்த அகப்பையோ மத்தோ கட்டாயம் இருக்கும். இந்த லீவில் ஊருக்குப் போனால் அதற்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் பூசுங்கள். பூசும்போது பக்கத்தில் இருக்கும் அமுச்சியிடமோ ஆத்தாவிடமோ, அது எந்த மரம் என்று கேளுங்கள்.



- மூன்றாம் ஆண்டு மாணவன்,
டெக்ஸ்டைல் பிராசசிங் பிரிவு